மூன்றாவது பிரிண்ட்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அண்ணனின் வேன் ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வுக் கொட்டகைக்குள் வந்து நின்றது. வெள்ளை வேன். புதிதாகப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை போட்டு, மணப்பெண் மாதிரி கொண்டுவந்திருந்தான். இறங்குவதற்கு முன் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டினான்.

"மேடம், ஏழை வண்டி. பாத்துப் போடுங்க."

"கொட்டகைக்குள்ள ஹாரன் அடிக்கக் கூடாது. எழுதியிருக்கு பாரு" என்றாள் அவள்.

"கூடப் பொறந்தவகிட்ட ஒரு சலுகையும் கெடையாதா?"

"கூடப் பொறந்ததாலதான் இன்னும் ஃபைன் எழுதல."

அலுவலகத்தில் அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். எழுதி முடித்த படிவத்தைக் கொடுக்கப் போய், பாதி வழியில் நின்று, "இருங்க, மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்" என்பாள். இதுவரை அவள் எழுதியதில் ஒரு தப்பும் வந்ததில்லை. ஆனால் தப்பு வராதது தன் திறமையால் என்று அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. மறுபடி பார்த்ததால்தான் தப்பித்தோம் என்றே நினைத்துக்கொள்வாள்.

வண்டிகளின் சேசிஸ் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, பென்சிலால் பிரிண்ட் எடுத்துப் படிவத்தில் ஒட்டுவது அவள் வேலை. கையெழுத்து அதிகாரியுடையது. ஆனால் அவள் சரி என்று குறி போட்டால் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அன்று அண்ணனுக்கு வேண்டியிருந்ததும் அந்தக் குறிதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் தகுதிச் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். இரண்டு வருடமாக அடுத்தவன் வண்டியை ஓட்டித் தேய்ந்தவன், முதல் முதலாகத் தன் பெயரில் ஒரு வண்டி வாங்கியிருந்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அவனுடைய ஏழு வயது மகள். வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடியின் கீழ் மூலைக்குப் போனாள். பதினேழு எழுத்து, எண். குறித்துக்கொண்டாள். ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டிய சீட்டைப் பார்த்தாள். அதே பதினேழு. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கழற்றி மாட்டலாம், சீட்டை உரித்து ஒட்டலாம். இரும்பில் குத்திய நம்பர்தான் பேசும். இந்த மாதிரி வேனில் அது இடது முன்சீட்டுக்கு அடியில், தரைத்தகட்டில் இருக்கும்.

சீட்டை மடக்கி, மிதியடியைத் தூக்கினாள்.

சேற்று வாடை அடித்தது.

"வண்டியக் கழுவினியா?"

"போன வாரம். ஏன்?"

"ஈரமா இருக்கு."

"வெயில் மண்டையப் பொளக்குது. எங்க இருக்கு ஈரம்?" அண்ணன் குனிந்து தகட்டில் கையை வைத்துப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. அவளும் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது. வாடை மட்டும் போகவில்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டாள். மிருதுவான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்த்தாள். இருட்டிலிருந்து ஆள் வருவது மாதிரி, சாம்பல் நிறத்துக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பதினேழும் சரி. படிவத்துக்கு ஒன்று. பதிவேட்டுக்கு இன்னொன்று. அதோடு வேலை முடிந்தது. ஆனால் அவள் மூன்றாவது தாளை எடுத்தாள்.

"போட்டோ ஸ்டுடியோவா வச்சிருக்க, மூணு காப்பி போட?" என்றான் அண்ணன்.

மூன்றாவது அவளுடைய நாட்குறிப்புக்கு. ஆய்வாளர் தேர்வுக்காக மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றன்று பார்த்த வண்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பிரிண்டை ஒட்டிக் காட்டினால் நல்லது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நல்லது என்று சொன்னதை அவள் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டாள்.

தரையில் ஒருக்களித்துப் படுத்து, கொஞ்சம் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

பின்னால், முதல் வரிசை சீட்டின் முதுகில், விரல் மூட்டால் தட்டுவது மாதிரி. டக். அதற்குப் பக்கத்துச் சீட்டில். டக். அடுத்த வரிசை. எதையும் எண்ணிவிடுவது அவள் பழக்கம். எண்ணினாள். பதினொன்று வந்ததும் நின்றது. பிறகு, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி ஒரு அமைதி. மறுபடி முதல் சீட்டிலிருந்து.

டக்.

அவள் எழுந்து பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அண்ணன் வெளியே நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். எஞ்சின் சூடு ஆறும்போது தகரம் இப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எஞ்சின் முன்னால் இருந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்தது.

குறி போடுவதற்காகப் பேனாவை எடுத்தவள், மூன்றாவது பிரிண்டைப் பார்த்து நிறுத்தினாள். பதினேழு எழுத்துகளுக்கு இடையில், மெல்லிய நகக்கீறல் மாதிரி வேறு கோடுகள் தெரிந்தன.

"நாளைக்குக் குறி போட்டுத் தர்றேன் அண்ணா."

"நாளைக்கா? எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

"இருக்கு. மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்."

அண்ணன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "உனக்குக் கல்யாணம் ஆகி, மாப்ள முகத்தக்கூட நீ மூணு பிரிண்ட் எடுத்துதான் ஒத்துக்குவ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும், அவள் அதே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது பிரிண்டை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இரும்பில் உளியால் குத்திய எண்ணை மேலே தேய்த்து அழித்தாலும், குத்து வாங்கிய இடம் அடியில் இறுகிப்போய் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சாய்த்துத் தேய்த்த பென்சிலுக்குச் சில சமயம் தெரியும். அப்படித்தான் புதிய எண்ணுக்கு அடியில் ஒரு பழைய எண் படுத்திருந்தது.

ஒவ்வொன்றாக எழுதினாள். பத்தாவது இடம் தயாரித்த வருடத்தைச் சொல்லும். மேல் எண்ணைவிட அடி எண் நான்கு வருடம் மூத்தது. பதினான்காவது இடம் மட்டும் புரியவில்லை. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். மற்றவர்களாக இருந்தால் ஏதோ ஒன்றை ஊகித்துப் போயிருப்பார்கள். அவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை. முழுக் கோட்டையுமே கற்பனை செய்துகொண்டோமோ என்று பயந்தாள். அதற்கும் ஒரு வழி இருந்தது. போன வாரம்தான் நடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை அந்தந்த இடத்துக்கான எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்தால், வருகிற மீதி ஒன்பதாவது இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொய் எண்ணாக இருந்தால் பெரும்பாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று போட்டாள். இடித்தது.

எட்டு போட்டாள். மீதி ஏழு. ஒன்பதாவது இடத்தில் ஏழு.

மறுபடி போட்டாள். ஏழு.

அவளுடைய கற்பனைக்குப் பதினொன்றால் வகுத்து மீதி ஏழு வரும்படி ஒரு எண்ணை உண்டாக்கத் தெரியாது. அப்படியானால் அது உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சரியாகப் பார்த்திருக்கிறோம் என்பது உறுதியானது. அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும், பதிவு ரத்தான வண்டிகளின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினாள். உடனே வந்தது. பள்ளி வேன். ஆறு வருடத்துக்கு முன் ரத்து. கூடவே ஒரு விபத்து அறிக்கை.

'மழையில் கரைச் சாலை சரிந்ததால் வாகனம் ஏரிக்குள் விழுந்தது. அதில் இருந்த பதினொரு பிள்ளைகளும் உயிருடன் மீட்கப்பட்டனர். பிள்ளைகளுக்கு உதவியாகச் சென்ற பெண், கரையில் அவர்களைப் பலமுறை எண்ணிப் பார்த்து, ஒருவர் குறைவதாகக் கூறி, தடுத்தும் கேளாமல் மீண்டும் நீருக்குள் சென்றார். வாகனம் வெளியே எடுக்கப்பட்டபோது அவர் உள்ளே இல்லை. தேடியும் உடல் கிடைக்கவில்லை. பின்குறிப்பு: வழக்கமாக வரும் பன்னிரண்டாவது பிள்ளை காய்ச்சலால் அன்று பள்ளிக்கு வரவில்லை. பதற்றத்தில் அந்தப் பெண் அதை மறந்திருக்கலாம்.'

அறிக்கையை அவள் இரண்டு முறை படித்தாள். 'பலமுறை எண்ணிப் பார்த்து.' தனக்குத் தெரிந்த யாரையோ பற்றி எழுதியிருப்பது போல் இருந்தது.

பிரதி எடுத்துக்கொண்டு, அண்ணனுக்கு வண்டியை விற்ற வெல்டருக்குப் போன் போட்டாள். எந்த வண்டியின் எந்தப் பாகத்தையும் எந்த வண்டியோடும் ஒட்டிவிடுவார் என்பதால் அவருக்கு ஒட்டு என்றே பெயர்.

"அண்ணே, எங்க வேனுக்குத் தரைத்தகடு எங்கேருந்து வந்துச்சு?"

"என்ன தங்கச்சி, எடுத்த எடுப்புலயே அடிமடில கை வைக்கிற? உங்க வண்டித் தரை சல்லடையாப் போயிருந்துச்சும்மா. கால வச்சா ரோடு தெரியும். காயலான் கடைல ஒரு தரை கெடந்துச்சு, கல்லு மாதிரி. வெட்டி ஒட்டினேன். பழைய நம்பரத் தேச்சுட்டு உங்க நம்பர அடிச்சேன். கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப் போடுறதில்லயா? அந்த மாதிரிதான்."

"அது தண்ணில விழுந்த வண்டிண்ணே. ஒரு பொண்ணு போயிட்டா."

எதிர்முனையில் வெல்டிங் சத்தம் நின்றது.

"வெட்டும்போதே சேறு வந்துச்சு" என்றார். குரலில் இருந்த கிண்டல் போன இடம் தெரியவில்லை. "நாலு நாள் வெயில்ல போட்டேன். காயல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தங்கச்சி..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எண்ணுற சத்தம் உங்களுக்கும் கேக்குதா?"

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் தெருமுனையில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. இந்த வெயிலில் பேயாவது பிசாசாவது என்று தோன்றியது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. தேய்த்து அடித்த நம்பர் என்றால் வண்டி போச்சு. வேலையும் போச்சு. கையில் இருக்கும் சோற்றைத் தங்கச்சியே தட்டிவிட்டாள் என்று ஆகும்.

வேன் வீட்டு வாசலில் நின்றது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. கண்ணாடிகள் உள்ளிருந்து பனி படிந்த மாதிரி வெளுத்திருந்தன.

கிட்டப் போனாள். உள்ளே கடைசி வரிசையில் வாலு உட்கார்ந்திருந்தாள். யாரோ பேசுவதைக் கவனிக்கிற பிள்ளை மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு.

"ஏய் வாலு! வெயில்ல உள்ள என்ன பண்ற? எறங்கு."

வாலு திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் எங்கோ ஆழத்திலிருந்து வருவது போல் வந்தது.

"எறங்கக் கூடாதாம் அத்தை."

"யாரு சொன்னா?"

"இந்த அக்கா. எண்ணிக்கிட்டு இருக்காங்க. இன்னைக்குத்தான் கணக்கு சரியா வந்துச்சாம். நான்தான் பன்னெண்டாம்."

அவள் கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். கைப்பிடி ஜில்லென்று இருந்தது.

"அண்ணா! சாவி! சாவிய எடுத்துட்டு வா!"

அண்ணன் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தான். பின்னாலேயே அண்ணி. சாவியைத் திருப்பினான். பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. கதவு வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அப்போதுதான் கதவின் அடியில், ரப்பர் பட்டைக்குக் கீழே, கறுப்பாக ஒரு கோடு வழிவதை அவள் பார்த்தாள்.

தண்ணீர். சேற்று வாடை.

அண்ணன் கல்லைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தான். உடையவில்லை. தண்ணீருக்குள் அடித்தது மாதிரி மந்தமாகத் தொம்மென்றது. அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, கால் நனையுது" என்றாள் வாலு.

டக்.

முதல் சீட்டிலிருந்து.

டக். டக். கண்ணாடிக்கு அப்பால் யாரும் தெரியவில்லை. சீட்டுகளின் முதுகில் மட்டும் ஒவ்வொன்றாக ஈரமான வட்டம் விழுந்துகொண்டே வந்தது. டக். டக். பின்னால், இன்னும் பின்னால், வாலு இருந்த வரிசையை நோக்கி.

ஏழு.

எட்டு.

அவளுக்குத் திடீரென்று ஒன்று புரிந்தது. இது பிடித்து வைக்கிற கை இல்லை. தேடுகிற கை. ஆறு வருடமாக ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருக்கிற கை. தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்து திரும்பிப் போனவள். அந்தப் பயத்தை இந்தத் தெருவில் இவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அக்கா" என்றாள். "அக்கா, உங்க கணக்கு தப்பில்ல. அன்னைக்குப் பதினோரு பேர்தான் வந்தாங்க. பதினொண்ணும் கரையேறிடுச்சு. பன்னெண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல். அன்னைக்கு வரவே இல்ல. வீட்ல படுத்திருக்கு. பத்திரமா இருக்கு. நீங்க தேட வேண்டாம்."

தட்டும் சத்தம் நின்றது.

தெருவில் ஒரு காக்கை கத்தியது. அண்ணன் கல்லைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

கதவிடுக்கிலிருந்து, அவள் காதுக்கு வெகு அருகில், ஈரமாக ஒரு மூச்சு வந்தது.

"மறுபடி சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னாள். வார்த்தை மாறாமல் சொன்னாள். காய்ச்சல். வரவே இல்ல. வீட்ல படுத்திருக்கு.

கதவு தானாகத் திறந்தது.

அண்ணன் உள்ளே பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தான். வாலுவின் உடம்பெல்லாம் காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது. உள்ளங்கைகள் மட்டும், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. அண்ணன் அறிக்கையின் பிரதியைப் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ஒரு தாள் குடு" என்றான் அவளிடம். "இந்த வண்டி வேணாம்னு நானே எழுதிக் குடுக்கறேன்."

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதால், அதிகாரி படிவத்தையும் பதிவேட்டிலிருந்த பிரிண்டையும் அண்ணனிடமே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை காலை, இரும்பு நசுக்கும் இடத்தில், அந்தத் தகட்டிலிருந்து எடுத்தது எதுவும் வேண்டாம் என்று அண்ணன் அந்தத் தாள்களை வேனுக்குள்ளேயே, அந்தத் தரைமேலேயே போட்டான். நசுக்கும் இயந்திரத்தின் தகடு மேலிருந்து இறங்கியது. வேன் பெட்டியாயிற்று. பெட்டி பலகையாயிற்று. நெளிந்த இரும்பின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"எல்லாம் போயிடுச்சில்ல?" என்றான் அண்ணன்.

"போயிடுச்சு" என்றாள் அவள்.

மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் அன்று சொல்லவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் சொல்லவில்லை.

அண்ணனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் தன் வேனைக் கொடுத்து உதவினார். சுத்தமான வண்டி, சான்றிதழ் இருந்தது. பள்ளியிலும் ஒத்துக்கொண்டார்கள். வேலை தப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சிரித்துக்கூடப் பேசினான். வாலு புதுப் பையை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வாலுவுக்குக் காய்ச்சல்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட மேடத்துக்குப் புதுசா ஒரு ஐடியா" என்று அண்ணன் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். சாதாரணக் காய்ச்சல்தான். அண்ணி மருந்து வாங்கக் கடைக்குப் போனாள். அவள் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று வாலு சொன்னதால் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே அறை சாயங்காலம் மாதிரி மங்கியிருந்தது.

அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"எறக்கி விட்டுட்டேன். எல்லாம் நல்லபடியா ஆச்சு."

"எத்தன பேரு?"

"நம்ம வாலு வரலேல்ல, பதினொண்ணு. ஏன், நீ வந்து மறுபடி எண்ணப்போறியா?" சிரித்துக்கொண்டே வைத்தான்.

பதினொன்று.

அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது. அவள் போனைக் கீழே வைத்தாள். இதுவரை கவனிக்காத ஒரு வாடை மெல்ல மூக்கில் ஏறியது.

சேறு.

கட்டிலுக்கு எதிர்ப்பக்கம், சுவரோரம் அவளுடைய மேசை. மேசைமேல் அவளுடைய நாட்குறிப்பு. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை. எழுந்து போய்த் தொட்டாள். அட்டை ஈரத்தில் உப்பியிருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வியாழக்கிழமைப் பக்கத்தை மெல்ல உரித்தாள்.

மூன்றாவது பிரிண்ட்.

அண்ணனின் வேன் எண் மங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அடியில் நகக்கீறலாகத் தெரிந்த எண், இப்போது நேற்றுத்தான் குத்திய மாதிரி அழுத்தமாக, கறுப்பாக எழுந்து நின்றது. பதினேழும். பதினான்காவது இடத்தில் எட்டு.

மூன்று பிரிண்டில் இரண்டைத்தானே நசுக்கினோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு அடுத்தபடியாக, இன்னொன்றும் உறைத்தது. கதவிடுக்கில் வாயை வைத்து, தானே, இரண்டு முறை, வார்த்தை மாறாமல் சொன்ன விலாசம்.

காய்ச்சல்.

வீட்ல படுத்திருக்கு.

டக்.

மேசையின் விளிம்பில். அவள் விரலுக்கு அடுத்தாற்போல்.

டக். நாற்காலியின் முதுகில். டக். சுவரில். டக், டக். கதவு நிலையில். அவசரமே இல்லை. வழி தெரிந்தவள் நடக்கிற நடை. டக். அலமாரி. அவள் ஓடிப்போய்க் கட்டிலுக்கு முன்னால் நிற்க நினைத்தாள். முழங்கால் தண்ணீரில் நடப்பது மாதிரி கால் கனத்தது. டக். ஜன்னல். டக். திரைச்சீலையின் கம்பி. டக். டக்.

பத்து.

கட்டிலின் கால்மாட்டில்.

டக்.

பதினொன்று.

பிறகு அந்த அமைதி. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற அமைதி.

கட்டிலின் தலைமாட்டில், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பது போல் மெதுவாக.

டக்.

பன்னிரண்டு.

நீண்ட பெருமூச்சு ஒன்று அறையைக் கடந்து போனது. ஆறு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. வாலுவின் போர்வை விலகியிருந்தது. அதன் ஓரம் தானாக உயர்ந்து, தோளை மூடி, கழுத்தோரம் ஒழுங்காகச் செருகிக்கொண்டது. செருகிய இடத்தில் ஐந்து விரல் அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. வாலு தூக்கத்தில் சிரித்தாள்.

சத்தம் இல்லை. வாடைகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கணக்கு சரியாகிவிட்டது, இனி போய்விடுவாள் என்று அவள் நினைத்தாள். தேடியது கிடைத்துவிட்டால் யார்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்? கால் லேசாயிற்று. கட்டிலை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

ஒரு தடவை எண்ணி நிம்மதியடைகிறவர்கள் வேறு பிறவி. மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் முதுகுக்குப் பின்னால், மேசையின் விளிம்பில், முதலிலிருந்து.

டக்.